நான்காம் சீலமும் ஒரு வழக்கறிஞரின் வாக்கும்

உபோசத நாள்தோறும் நாம் ஒருங்கிருந்து பஞ்சசீலம் ஏற்கின்றோம். அவ்வைந்தனுள் நான்காவது பொய்யுரை தவிர்த்தல். வாணிகத்திலும் இல்லத்திலும் அன்றாடம் நம் வாயினின்றும் வரும் சிறு பொய்களை நினைந்து நாம் நாணுவதுண்டு. ஆயினும் இச்சீலத்தின் பொருள் யாது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. உள்ளதை உள்ளவாறு கூறுதல், கொடுத்த வாக்கைக் காத்தல் என்னும் இரண்டோடு அது முடிந்துவிட்டது என்றே எண்ணிவிடுகின்றோம். அநீதியையே சட்டமாக எழுதி வைத்திருக்கும் ஓர் அரசுக்குக் கொடுத்த வாக்கும் அவ்வாறு காக்கப்பட வேண்டுவதோ? வாக்கைக் காத்தால் கோடிக்கணக்கான மக்களுக்கு இழைக்கப்படும் தீங்கிற்குத் தலைவணங்கியதாகும். வாக்கைத் துறந்தால் சீலம் பழுதுறும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்க நேர்ந்த ஒரு மனிதர் செய்யத் தக்கது யாது? இவ்வினாவை வெறுஞ்சொற்களால் ஆராய்வதினும், அதனைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்ட ஒருவரை முன்னிறுத்தி ஆராய்வது பயன் தரும் எனக் கருதுகின்றோம். அவர் தென்னாப்பிரிக்காவின் வழக்கறிஞர் பிராம் பிஷர்.

அவர் பௌத்தரல்லர்; நம் இனத்தவருமல்லர். அவர் 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் புளூம்பான்டீன் நகரில் வெள்ளையருள்ளும் ஆப்பிரிக்கானர் எனப்படும் டச்சு வழியினர் குடியிற் பிறந்தார். அவர் பாட்டனார் ஆரஞ்சு ஆற்றுக் குடியேற்ற நாட்டின் பிரதம மந்திரியாய் இருந்தவர். தந்தையார் அம்மாகாணத்தின் தலைமை நீதிபதி. பிஷர் தாமும் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் பயின்று, ஜோகன்னஸ்பர்க்கில் முதல் வரிசை வழக்கறிஞராய் விளங்கினார். தம் இனத்தார் வகுத்த வழியில் நடந்திருப்பின் நீதிபதிப் பதவியோ மந்திரிப் பதவியோ அவரை நாடி வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அரச போகத்தைத் துறந்து சென்றவரின் வழிநிற்கும் நமக்கு, பிறப்பினாற் கிடைத்த உயர்வைத் தாமே உதறுதல் எத்துணை அரிது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் மனம் திரும்பிய வரலாறு நம்மவர் அனைவரும் அறியத் தக்கது. இளைஞராய் இருந்தபோது, வெள்ளையரும் கறுப்பரும் கூடிப் பேசும் ஒரு சபைக்கு அவர் சென்றார். அங்கே ஒரு கறுப்பரின் கையைப் பற்றிக் குலுக்க நேர்ந்தது. அக்கையைத் தொட அவர் உள்ளம் கூசிற்று. மிகுந்த முயற்சியின் பேரிலேயே அதனைப் பற்றினார். அன்றிரவு அவர் தம்மைத் தாமே வினவிக் கொண்டார்: சிறு பிராயத்தில் பண்ணையில் தம்மோடு ஓடியாடி விளையாடிய தோழர் இருவரும் கறுப்புச் சிறுவர் அல்லரோ? அவர்களைத் தொட்டபோது தோன்றாத அருவருப்பு இப்போது எங்கிருந்து வந்தது? மாறியது கறுப்பரின் இயல்பன்று, தம் உள்ளமே என்று அவர் கண்டார். இதனை அவரே பின்னாளில் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்று எடுத்துரைத்தார்.

தீண்டாமை என்பது தீண்டப்படுவோரிடத்து உள்ள மாசன்று, தீண்ட மறுப்போரின் உள்ளத்து மாசு என்பதை நாம் நெடுங்காலமாகக் கூறி வருகின்றோம். அம்மாசை உடைய ஒருவரே அதனைத் தம்முள் தேடிக் கண்டுபிடித்துப் பலரறியச் சொன்னது அரிய செயல். எண்ணம் எழுந்த இடத்தை நோக்கித் திரும்பி, இஃது எதனால் எழுந்தது என்று முறையாக ஆராய்தலைப் பகவன் புத்தர் யோனிசோ மனசிகாரம் என்று போற்றினார். அப்பெயரை அறியாமலே அந்த இளைஞர் அதனைச் செய்தார். அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அவ்வொரிரவின் ஆராய்ச்சியினின்றும் கிளைத்தது எனலாம்.

அரசும் வழக்கறிஞரும்

1948-இல் தென்னாப்பிரிக்க ஆட்சியைக் கைப்பற்றிய கட்சி, நிறப்பிரிவினையைச் சட்டத்தின் மேல் சட்டமாக எழுதிற்று. 1950-இல் மட்டும், மக்களை நிறவாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், நிறவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டமும், கம்யூனிஸத்தை அடக்கும் சட்டமும் பிறந்தன. இறுதியிற் கூறிய சட்டத்தின் சொற்கள் மிக அகலமானவை. ஆட்சியின் கொள்கையை ஊக்கத்தோடு எதிர்ப்போர் எவரையும் அவ்வலைக்குள் அகப்படுத்தலாம். கறுப்பர் தம் நாட்டிலேயே நடமாட அனுமதிச் சீட்டு ஏந்த வேண்டும் என்னும் விதியை எதிர்த்துக் கூடிய மக்கள் மீது 1960 மார்ச்சு 21-ஆம் நாள் ஷார்ப்வில்லில் போலீசார் சுட்டதில் 69 பேர் மாண்டனர். 1963-இல் இயற்றிய சட்டமோ, எவரையும் விசாரணையின்றி 90 நாள் அடைத்து வைக்கவும், அந்நாட்களில் வழக்கறிஞரைக் காணவொட்டாமல் தடுக்கவும் போலீசாருக்கு இடமளித்தது. சட்டம் வழக்கறிஞரை வெளியே நிறுத்திக் கதவடைத்த நாள் அது.

இந்நாட்டு வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1860 முதல் சென்னைத் துறைமுகத்தினின்றும் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்க் கூலிகளின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். 1956 டிசம்பர் 5-ஆம் நாள் விடியலில் இராஜத்துரோகக் குற்றம் சாட்டிப் போலீசார் நாடெங்கும் வளைத்துப் பிடித்தனர். குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகை 156 ஆயிற்று. அவருள் டாக்டர் மாண்டி நாயக்கரும் ஒருவர். அதற்கு மறுநாள்தான் டில்லியில் போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் பரிநிர்வாணம் எய்தினார். நம் மக்கள் தம் வழக்கறிஞரை இழந்து அழுத அதே வாரத்தில், கடலுக்கு அப்பால் வேறொரு மக்கட்கூட்டம் தமக்கு வழக்கறிஞரைத் தேடி நின்றது. முன்வந்தோருள் பிஷரும் ஒருவர். நான்காண்டுக்கு மேல் நீண்ட அவ்வழக்கில், எஞ்சி நின்றோர் அனைவரும் 1961 மார்ச்சு 29-ஆம் நாள் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர்.

அடுத்து வந்தது ரிவோனியா வழக்கு. நெல்சன் மண்டேலாவும் அவர்தம் தோழரும் நாசவேலைக்குச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. விதிக்கக்கூடிய தண்டனை தூக்கு. எதிர்வாதத்திற்குத் தலைமை ஏற்றவர் பிஷர். மண்டேலா நீதிமன்றத்தில் படிக்கவிருந்த உரையின் இறுதியில், தாம் கொண்ட இலட்சியத்திற்காக உயிர்விடவும் ஆயத்தம் என்னும் கருத்து இருந்தது. அதனை நீக்கிவிடுமாறு பிஷர் மன்றாடினார். அச்சொற்கள் நேரே தூக்குமேடைக்கு இட்டுச் செல்லும் என அஞ்சினார். மண்டேலா இணங்கவில்லை. 1964 ஜூன் 12-ஆம் நாள் எண்மருக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது; தூக்கு நீங்கியது.

மறுநாள் பிஷரின் மனைவியார் மாலி, அவர்கள் சென்ற கார் சாலையினின்றும் விலகி நீரில் வீழ்ந்ததால் மூழ்கி மாண்டார். சில நாட்களுக்குள் பிஷர், மேல்முறையீடு பற்றிக் கலந்து பேச ராபன் தீவுச் சிறைக்குச் சென்றார். மாலியின் நலம் யாது என மண்டேலா வினவினார். பிஷர் முகத்தைத் திருப்பிக் கொண்டு ஒன்றும் கூறாது வேறு பேச்சில் இறங்கினார். அவர் சென்ற பின்னரே, காவலர் ஒருவர் வாயிலாக மண்டேலா உண்மையை அறிந்தார். ஆயுட்காலச் சிறையில் கிடப்போரின் மீது தம் துயரத்தையும் ஏற்றலாகாது எனக் கருதிய அந்த மௌனத்தைப் பொய்யெனச் சொல்ல எவர்க்கு மனம் வரும்?

கொடுத்த வாக்கும் விடுத்த வாக்கும்

கட்சிக்காரரைக் காத்த வழக்கறிஞரை அரசு விட்டு வைக்கவில்லை. 1964 செப்டம்பரில் பிஷர் சிறைப்பட்டார். தடை செய்யப்பட்ட கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினர் என்பதும், அதன் பணிகளை நடத்தினார் என்பதும் குற்றச்சாட்டு. இங்கே நாம் ஒன்றை மறைத்தல் தகாது. அவர் கட்சியைச் சார்ந்தவர் என்பது மெய். ரிவோனியாப் பண்ணையிற் கூடியவரோடு அவர் தாமும் உடனிருந்தவர் என்பதும் மெய். கட்சிக்காரரின் இரகசியத்தில் வழக்கறிஞருக்கும் பங்கிருந்தது. ஆதலால் அவரை வீண்பழிக்கு ஆளான அப்பாவி என நாம் காட்டப் புகவில்லை. பழியே இல்லாதவரைப் புகழ்வது எளிது. நம் வினாவோ அத்துணை எளிதன்று.

அவ்வேளையில் இலண்டனிலுள்ள பிரிவி கௌன்சிலில் ஒரு பெரிய காப்புரிமை வழக்கை நடத்த வேண்டியிருந்தது. அதற்காக அவருக்கு ஜாமீனும் வெளிநாடு செல்ல அனுமதியும் கிடைத்தன. தாம் திரும்பி வருவதாக அவர் நீதிமன்றத்திற்கு வாக்களித்தார். இலண்டனில் நண்பர் பலர், திரும்ப வேண்டா என வற்புறுத்தினர். அங்கே அவருக்கு உரிமையுண்டு, புகழுண்டு, தொழிலுண்டு. தாய்நாட்டிலோ சிறை காத்திருந்தது. ஆயினும் அவர் திரும்பினார்.

இதனைப் படிக்கும்போது நமக்கு மகாசுதசோம ஜாதகம் நினைவில் எழுகின்றது. நரமாமிசம் உண்ணும் போரிசாதன் கையில் அகப்பட்ட சுதசோம மன்னர், ஓர் அந்தணரிடம் அறவுரை கேட்பதாகத் தாம் முன்னரே கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டு மீள்வதாகக் கூறி விடைபெற்றார். அரண்மனையின் காவலுக்குள் புகுந்த பின்னும், வாக்கின் பொருட்டு அரக்கனிடம் திரும்பி வந்தார். அவ்வாய்மையின் ஆற்றலால் போரிசாதன் மனந்திரும்பினான். கட்டுண்டு கிடந்த அரசர் நூற்றுவரும் விடுதலை பெற்றனர். பிஷரும் சுதசோமரைப் போல் திரும்பி வந்தார். ஆயின் தென்னாப்பிரிக்க அரசு மனந்திரும்பவில்லை.

கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின் நாம் அவரை வாய்மையின் வடிவம் எனப் பாராட்டி அமைதியுறலாம். முடியவில்லை. விசாரணை நடந்து கொண்டிருந்தபோதே, 1965 ஜனவரியில் ஒரு நாள், பிஷர் நீதிமன்றத்திற்கு வரவில்லை. அவர் எழுதிய கடிதம் மட்டும் வந்தது. தண்டனைக்கு அஞ்சித் தாம் செல்லவில்லை என்றும், இவ்வாட்சியை எதிர்க்கும் கடமை பற்றியே செல்வதாகவும் அதில் அறிவித்திருந்தார். பின்னர்ப் பத்து மாத காலம் உருமாறி, வேற்றுப் பெயர் தாங்கி, ஜோகன்னஸ்பர்க் நகரிலேயே தலைமறைவாய் வாழ்ந்தார். அதற்குள், அவர் செயல் நேர்மையற்றது என்று கூறி, அவர் முன்னர்த் தலைமை வகித்த வழக்கறிஞர் மன்றமே அவர் பெயரைப் பதிவேட்டினின்றும் நீக்குமாறு நீதிமன்றத்தை வேண்டிற்று, பெயர் நீக்கப்பட்டது. 1965 நவம்பர் 11-ஆம் நாள் பிடிபட்டார். 1966 மே மாதம் ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. முதல் வழக்கில் அவரோடு நின்றோர் பெற்ற தண்டனை ஐந்தாண்டுக்கு மேற்படவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். ஓடிப் போனதால் அவர் பெற்றது, சில ஆண்டுகளுக்கு மாறாக ஆயுள் முழுவதும்.

வாக்கைக் காத்த பிஷர் சரியா, வாக்கைத் துறந்த பிஷர் சரியா?

எதிர்வாதம்

முதலில் அவருக்கு மாறானவற்றைக் கூறுவோம். அம்பலட்டிகா என்னுமிடத்தில் பெருமான் தம் புதல்வர் இராகுலருக்கு அறிவுறுத்தியதை நாம் அறிவோம். பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டி, அறிந்தே பொய் கூறுவோரின் துறவு இத்துணைச் சிறிது என்றார். அந்நீரைக் கொட்டிவிட்டு, இவ்வாறு எறியப்பட்டது என்றார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டி, இவ்வாறு கவிழ்க்கப்பட்டது என்றார். விளையாட்டிற்கும் பொய் கூறேன் எனப் பயில்க என்பது அவர் கட்டளை. ஹாரித ஜாதக உரையோ, போதிசத்துவர் பிற சீலங்களில் சிலபோது வழுவினும், பிறரை ஏமாற்றும் பொய் மட்டும் அவரிடத்து இராது என்கின்றது. அரசர் விருப்பத்திற்கு இணங்கி நடக்கவும் பெருமான் சங்கத்தாருக்கு இடமளித்தார். பிம்பிசாரர் வேண்டியபோது மழைக்கால வாசத்தைத் தள்ளிவைக்க இசைந்தார். வேற்றுப் பெயர் தாங்கி வாழ்ந்த பத்து மாதமும் பிஷர் நாள்தோறும் பொய்யோடு வாழ்ந்தார் என்பதை நாம் மறுக்க இயலாது.

மேலும், ஒரு வழக்கறிஞர் ஜாமீனை மீறின் அவரோடு அது முடிவதில்லை. அடுத்து ஜாமீன் வேண்டி நிற்கும் ஏழையை நோக்கி நீதிபதி, உங்களவர் சொல்லை இனி எவ்வாறு நம்புவது என்று கேட்பார். வழக்கறிஞர் மன்றம் எடுத்துரைத்த காரணம் இத்தகையதே. அதனை வெறும் அடிமைப் புத்தி என ஒதுக்குதல் நேர்மையாகாது.

அம்பேத்கரின் அளவுகோல்

இனி நம் தலைவரிடம் செல்வோம். அவரும் வழக்கறிஞர், அவர்க்கும் இத்தகைய வேளை ஒன்று வந்தது. மகாட் நகரின் சௌதார் குளத்தைப் பொதுமக்கள் அனைவருக்கும் உரியதென நகரசபை முன்னரே அறிவித்திருந்தும், 1927 மார்ச்சு 20-ஆம் நாள் நம் மக்கள் அதில் நீர் பருகியதற்காக அடியுண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் சத்தியாக்கிரகம் செய்ய ஆயிரக்கணக்கானோர் கூடினர். அப்போது சாதி இந்துக்கள் நீதிமன்றத்தை அணுகித் தற்காலிகத் தடை பெற்றனர். கூடியிருந்தோரின் நெஞ்சம் கொதித்தது. டாக்டர் அம்பேத்கரோ, தடையை மீற வேண்டா எனக் கூறிச் சத்தியாக்கிரகத்தை நிறுத்தினார். பின்னர்ப் பத்தாண்டு காலம் அவ்வழக்கு நடந்து, 1937 மார்ச்சு 17-ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு குவளை நீருக்குப் பத்தாண்டு!

ஆகவே, அம்பேத்கர் நீதிமன்றத்தின் சொல்லைக் காத்தார்; பிஷர் காக்கவில்லை. ஒருவரைப் புகழ்ந்து மற்றவரை இகழ வேண்டுமோ? வேண்டா என்பது நம் துணிபு. காரணத்தை அம்பேத்கரே கூறியுள்ளார். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையில், அரசியல் சட்ட முறைகள் திறந்திருக்கும்போது சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாக்கிரகம் ஆகியவற்றிற்கு இடமில்லை என்றும், அவை அராஜகத்தின் இலக்கணமே என்றும் எச்சரித்தார். இப்பகுதியைப் பலர் எடுத்துக் கூறுவர். அதனை ஒட்டி அவர் கூறியதைச் சிலரே கூறுவர்: சட்ட முறையில் செல்ல வழியே இல்லாத காலத்தில் அத்தகைய முறைகளுக்குப் பெரிதும் நியாயமிருந்தது என்பதே அது. அளவுகோல் ஒன்றுதான்: கதவு திறந்திருக்கின்றதா, அடைபட்டிருக்கின்றதா?

மகாட்டில் கதவு ஒடுங்கியிருந்தது, ஆயினும் அடைபடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமையில்லை. அவர்தம் கட்சிகள் தடை செய்யப்பட்டன. அவர்தம் தலைவர்கள் தீவுச் சிறையில் கிடந்தனர். அவர்தம் வழக்கறிஞரும் கூண்டில் ஏற்றப்பட்டார். அக்கஞ்ஞ சூத்திரத்தில், மக்கள் கூடித் தம்முள் ஒருவரைத் தேர்ந்து, முறையாகக் காப்பதற்கு ஈடாக விளைவில் ஒரு பங்கு தர இசைந்தமையாலேயே மகாசம்மதர் அரசரானார் என்று பெருமான் கூறினார். அரசின் வேர் மக்களின் இசைவு. இசைவைக் கேளாத அரசு, மக்களிடத்து வாக்கைக் கேட்கும் உரிமையை எங்கிருந்து பெறும்? 1966 மார்ச்சு 28-ஆம் நாள் பிஷர் கூண்டிலிருந்து கூறியதும் இதுவே. சட்டமே அறத்திற்கு மாறாகி, மௌனத்தினாலேனும் ஒடுக்குமுறையிற் பங்கு கொள்ளுமாறு குடிமகனைப் பணிக்குமாயின், அதனினும் உயர்ந்த கடமை ஒன்று எழுகின்றது என்று அவர் எடுத்துரைத்தார்.

ஆயின், கதவு அடைபட்டது என்று எவரும் கூறிவிடலாம் அன்றோ? வழக்கில் தோற்றோர் அனைவரும் அவ்வாறே கூறுவர். ஆதலால் இன்னும் ஒரு சோதனை வேண்டும். அது இராகுலருக்கு உரைத்த அதே சூத்திரத்தில் உள்ளது. கண்ணாடி எதற்கு என்று பெருமான் வினவினார். நோக்குவதற்கு என்றார் இராகுலர். அவ்வாறே ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் நோக்குக என்றார் பெருமான்: இது எனக்குத் தீங்கோ, பிறர்க்குத் தீங்கோ, இருவர்க்கும் தீங்கோ? வினை என்பது உள்ளத்தின் நோக்கமே என்பதும் அவர் வாக்கு. இக்கண்ணாடியில் பிஷரை நோக்குவோம். தன்னலம் தேடியோ அவர் வாக்கைத் துறந்தார்? தன்னலத்தை நாடியிருப்பின் இலண்டனிலேயே தங்கியிருக்கலாம். தப்பிக்க இயன்றபோது வாக்கைக் காத்தார். வாக்கைத் துறந்தபோது தம்மைத் தாமே பெருந்துன்பத்திற்கு ஒப்புக் கொடுத்தார். இரகசியமாக நழுவாமல், செல்வதையும் செல்லும் காரணத்தையும் எழுதி அறிவித்தார். தன்னைக் காப்பதற்காகப் பொய்க்கும் ஒருவருக்கும் இவருக்கும் உள்ள தொலைவு பெரிது.

இதனால் அவர் செயல் முழுதும் மாசற்றது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அவர் சார்ந்த இயக்கம் நாசவேலையை மேற்கொண்டது; முதலாம் சீலத்தை ஏற்ற நாம் அவ்வழியிற் செல்ல இயலாது. 1956 நவம்பரில் காத்மாண்டுவில் கூடிய உலக பௌத்தர் மாநாட்டில் அம்பேத்கர், புத்தரும் கார்ல் மார்க்சும் துன்பத்தையும் சுரண்டலையும் நீக்கவே முற்பட்டனர், வேறுபாடு வழியில்தான் உள்ளது, பலாத்காரத்தால் நிறுவியது பலாத்காரம் நீங்கியதும் வீழும் என்று விளக்கினார். அவ்வேறுபாடு இன்றும் நமக்கும் பிஷருக்கும் இடையே நிற்கின்றது. ஆயினும், சக்கவத்தி சீகநாத சூத்திரம் கூறும் வரிசையையும் நாம் மறத்தலாகாது. வறியோர்க்குப் பொருள் வழங்காமையால் வறுமை பெருகிற்று, வறுமையால் களவு, களவை ஒறுக்க அரசன் வாளெடுத்தான், அதனைக் கண்டு மக்களும் வாளெடுத்தனர். முதல் வாள் அரசனுடையது. இறுதி வாளை மட்டும் பிடித்துக் கொண்டு நீதி பேசுவோர் சூத்திரத்தைப் பாதியிலிருந்து படிக்கின்றனர்.

சாம்பலும் பதிவேடும்

சிறையில் அவர் பட்டவற்றை நீட்டி உரைக்க வேண்டா. 1971-இல் அவருடைய ஒரே புதல்வர் நோயால் இறந்தார். இறுதிச் சடங்கிற்குச் செல்லத் தந்தைக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1974-இல் அவரைப் புற்றுநோய் பற்றிற்று. வீழ்ந்து இடுப்பெலும்பும் முறிந்தது. மருத்துவம் காலந்தாழ்ந்தே வந்தது. உடன் சிறைப்பட்ட டெனிஸ் கோல்ட்பர்க் இரவில் அருகிருந்து அவருக்குப் பணிவிடை செய்தார். நோயுற்றவரைப் பேணுவோர் என்னைப் பேணுவோர் என்று ததாகதர் கூறியது அவ்வறையில் மெய்யாயிற்று. இறக்கும் தறுவாயில், 1975-இல், புளூம்பான்டீனிலுள்ள அவர் சகோதரர் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார்; அவ்வில்லமே சிறையென அறிவிக்கப்பட்டது. மே 8-ஆம் நாள் உயிர் நீத்தார். எரியூட்டிய பின் அவருடைய சாம்பலைச் சிறைத்துறையே எடுத்துக் கொண்டது. உற்றாருக்கு அது கிடைக்கவேயில்லை.

பகவன் புத்தரின் எலும்புகளுக்காக அரசர் போருக்கெழுந்தபோது துரோணர் அவற்றை எட்டாகப் பகுத்து அமைதி செய்தார். ஒரு மனிதரின் சாம்பலுக்கு அஞ்சிய அரசு அதனை ஒளித்து வைத்தது. மணிமேகலையோ, அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அவள் வரலாற்றைப் போற்றும் நமக்கு, ஓர் இல்லத்தைச் சிறையாக்கிய அரசின் வறுமை எளிதில் விளங்கும்.

1994-இல் அவ்வாட்சி வீழ்ந்து, அனைவரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. ரிவோனியா வழக்கில் பிஷரின் துணை வழக்கறிஞராய் நின்ற ஆர்தர் சாஸ்கல்சன் புதிய அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தலைவரானார். 2002-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2003-இல் நீதிமன்ற ஆணையால் பிஷரின் பெயர் வழக்கறிஞர் பதிவேட்டில் மீண்டும் எழுதப்பட்டது. அவ்வாறு இறந்தபின் பெயர் மீட்கப்பட்டோருள் அவரே முதல்வர். பதிவேட்டினின்றும் நீக்கியது சட்டம்; மீண்டும் எழுதியதும் சட்டம். இடையே மாறியது, அச்சட்டத்தை எழுதும் கைகளை இயக்குவோர் யாவர் என்பதே.

நாம் இவ்வரலாற்றினின்றும் கொள்ளத் தக்கவை யாவை? நம் நாட்டின் அரசியல் சட்டம் நம் தலைவர் தலைமையில் வரையப்பட்டது. வாக்குரிமை நம் கையிலுள்ளது. கதவு நமக்குத் திறந்திருக்கின்றது. ஆதலால் மகாட்டின் பொறுமையே நம் வழி. நீதிமன்றத்தில் கொடுத்த வாக்கை நாம் காக்க வேண்டும். பொய்ச் சாட்சிக்கு ஒருப்படலாகாது. அதனோடு, அக்கதவு ஒடுங்காதிருக்கக் காவல் புரிவதும் நம் கடமை. ஏழைக்காகவும் சிறைப்பட்டோருக்காகவும் கூலி கருதாது வாதாடும் வழக்கறிஞர் மீது, கட்சிக்காரரின் குற்றத்தை ஏற்றும் வழக்கம் எங்கே தலையெடுப்பினும், அதனை முதலிலேயே கண்டித்தல் வேண்டும். வழக்கறிஞரைக் கண்டு அரசு சினங்கொள்ளும் நாளில், அவர் பின்னே நிற்கும் எளியோரின் குரல் அடைபடத் தொடங்கிவிட்டது என அறிக. பிஷரின் இடர் அவரோடு தொடங்கவில்லை. 1963-இல் சிறையறைக்கு வெளியே வழக்கறிஞரை நிறுத்தியபோதே அது தொடங்கிற்று. அன்று அந்நாட்டு வெள்ளையருள் மிகப் பலர் வாளாவிருந்தனர்.

அடுத்த உபோசத நாளில் நான்காம் சீலத்தை ஓதும்போது இருவரையும் நினைவிற் கொள்வோம்: தடையை மதித்துக் குளக்கரையினின்றும் மக்களைத் திருப்பி அழைத்துச் சென்றவரையும், கூண்டை விட்டு நீங்கி ஆயுள் முழுவதையும் விலையாகக் கொடுத்தவரையும். வாய்மை நாவளவில் நிற்பதன்று. எவருக்கு வாக்களித்தோம், அவ்வாக்கைக் காப்பதால் எவர் காக்கப்படுகின்றனர், மீறுவதால் எவர் துன்புறுகின்றனர் என்று கண்ணாடியில் நோக்கிய பின்னரே வாய்மை முழுமையுறும். அவ்வாறு நோக்கும் ஒருவர், தம் சீலத்தில் பட்ட மாசையும் அக்கண்ணாடியிலேயே காண்பார். கண்டும் தாம் செய்ததன் பயனை ஏற்று நிற்பார். கறுப்பரின் கையைத் தொடக் கூசிய ஓரிளைஞர், அன்றிரவு தம் உள்ளத்தை நோக்கியதே பிஷரின் நீண்ட வழிக்குத் தொடக்கம். நாமும் நம் கைகள் எவரைத் தொடக் கூசுகின்றன என்று இன்றிரவு நோக்குதல் நன்று.